அப்பாவின் பாதம்

மல்வேர்னில் பஸ் ஏறினேன். முன் சீற்றில் தாயும் தகப்பனும் இருந்தார்கள். நடுவில் கொண்டையை இறுக்கிக் கட்டிய பத்து வயது மகள். பாலே நடனத்தோடு பள்ளிப் பாடமும் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் ஒன்றில் அவளுக்கு அன்று இரண்டாம் தேர்வாம். நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"இஞ்சேருங்கோ, இண்டைக்குச் சப்பாத்தைக் கழட்டாதேங்கோ," என்றாள் தாய். "போனமுறை பிள்ளையின்ர காலை விட்டிட்டு உங்கட காலைத்தான் பாத்தவை."

"ஆடுற இடத்துக்குள்ள சப்பாத்தோட போறதே? வாசலிலயே சொக்ஸையும் சேத்துக் கழட்டினன். அதில என்ன பிழை?"

"உங்களைப் பாத்து அந்த வெள்ளைக்காரத் தகப்பன்மாரும் கழட்டிப்போட்டு வெறுங்காலோட நிண்டவை!"

"கழட்டினபடியாத்தானே ரீச்சர் என்ர பாதத்தின்ர வளைவைக் கண்டவா. பாலேக்கு இப்பிடி வளைவுதான் வேணுமாம், லேசில கிடையாதாம். பிள்ளைக்கும் வருமாம்."

"வெயார்ஹவுஸில பெட்டி தூக்கிற ஆளுக்கு வந்த பெருமையைப் பாருங்கோவன்!"

அப்போதுதான் மகள் வாய் திறந்தாள். குரல் அழுகைக்குக் கிட்ட இருந்தது.

"அப்பா, உங்களை எடுத்திட்டு என்னை விட்டிட்டா?"

தாய் சிரித்தாள். தகப்பன் சிரிக்கவில்லை, மகள் பக்கம் திரும்பினார்.

"அங்க டான்ஸ் மட்டுமில்லையம்மா, கணக்கும் சயன்ஸும் படிக்கவேணும். எனக்குக் கணக்கு ஓடாது. என்னை எடுக்க மாட்டினம்."

"ஷுவரா?"

"அம்மாவைக் கேளுங்கோ."

"ஓம் பிள்ளை," என்றாள் தாய், மகளின் கொண்டையைச் சரிபார்த்தபடி. "அது எனக்கு வடிவாத் தெரியும்."