ஏழை கிடைக்காத டவுன்ஷிப்

எங்கள் வீட்டு ராகிக் கஞ்சி கட்டி தட்டாது. படுத்திருக்கிறவருக்கு ஊட்ட அதைவிட ஏற்றது கிடையாது. அதனால்தான் அந்தப் பிள்ளைகளிடம் அதையே கொடுத்து ஊட்டச் சொன்னேன்.

எண்பத்திரண்டில், கன்னியாஸ்திரிகள் நடத்திய பெண்கள் பள்ளியில் ஒரு விதி வந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒவ்வொருத்தியும் ஏழைக்கோ நோயாளிக்கோ நாற்பது மணி நேரம் தன் கையால் சேவை செய்ய வேண்டும். சேவை அட்டையில் அந்த வீட்டார் கையெழுத்துப் போட வேண்டும். அட்டை நிரம்பாவிட்டால் நன்னடத்தைச் சான்றிதழ் கிடையாது. விதியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. சிரமம் என்னவென்றால், எங்கள் நிலக்கரிக் கம்பெனி டவுன்ஷிப்பில் ஏழை இல்லை. கம்பெனி எங்களுக்குக் குவார்ட்டர்ஸ், தண்ணீர், கரண்ட், ஆஸ்பத்திரி எல்லாம் கொடுத்திருந்தது. ஏழையை மட்டும் கொடுக்கவில்லை. வெளியே, மந்தாரக்குப்பத்தில் வேண்டிய அளவு இருந்தார்கள். அங்கே அனுப்பினால் பிள்ளைகளுக்குச் சொறி ஒட்டிக்கொள்ளும் என்று தாய்மார்கள் பயந்தார்கள். கடவுளுக்குப் பக்கத்தில் போக வேண்டும், கான்ட்ராக்ட் ஆட்களின் குடிசைக்குப் பக்கத்தில் போகக் கூடாது.

அப்படித்தான் என் கணவரைக் கண்டுபிடித்தார்கள்.

கருணாகரன் மைன்ஸில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். நோயாளிதான், ஆனால் குவார்ட்டர்ஸ் நோயாளி. தலைக்கு மேல் ஃபேன் ஓடும். விரிப்பை நான் தினமும் துவைப்பேன். பள்ளியிலிருந்து ஆறு நிமிட நடை. சேவைப் பொறுப்பைக் கவனித்த சிஸ்டர் வந்து பார்த்தார். "நல்ல காத்தோட்டமான வீடும்மா," என்றார்.

நாலு மணிக்கு இரண்டிரண்டு பேராக வருவார்கள். ஒருத்தி பேப்பர் படிப்பாள், ஒருத்தி கஞ்சி ஊட்டுவாள். அவருக்குக் கை இரண்டும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் பேப்பர் படித்தால் அட்டையில் அரை மணி, ஊட்டினால் ஒரு மணி. எல்லோரும் ஊட்டவே விரும்பினார்கள்.

"நான் என்ன கோயில் யானையா, இசக்கி?" என்பார் அவர். "வரிசையா வந்து வாயில போடுதாளுவ. ஆசீர்வாதமும் பண்ணணுமோ?"

"பேசாம வாயத் தொறங்க. பிள்ளைங்க வீட்டுக்குப் போய்ப் படிக்கணும்."

நாங்கள் திருநெல்வேலிப் பக்கம். அந்த பிளாக்குக்கு வந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. குழந்தை இல்லை. அவர் ஷிப்டுக்குப் போய்விட்டால் எனக்கு லைப்ரரிப் புத்தகம்தான். அதுவரை என் வீட்டுக்குள் கால் வைத்தவர்கள் மீட்டர் பார்க்கிறவரும் கொசு மருந்து அடிக்கிறவரும்தான். அந்த வருஷம் பெரிய குவார்ட்டர்ஸ் அம்மாக்கள் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார்கள். "இசக்கியம்மா, எம்பொண்ணுக்குச் சனிக்கிழமை ஒதுக்கித் தாங்களேன்," என்று கேட்டார்கள். யார் எந்த நாள் வரலாம் என்பதை நான் தீர்மானித்தேன். அதற்கு முன் யாரும் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

ஜனவரியில் அவர் தேற ஆரம்பித்தார். நடைப்பயிற்சி கொடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வாரம் ஒருமுறை வந்த கலியமூர்த்தி, முத்தாண்டிக்குப்பத்துக்காரர், அவரைத் தூக்கி நிறுத்தினார். "படுத்துகினே இருந்தா காலு மரத்துப்பூடுங்க. வூட்டுக்குள்ளயே நடந்துகினு இருங்க. பங்குனிக்குள்ள ஷிப்டுக்கே போயிடலாம்," என்றார்.

சிஸ்டரிடம் சொன்னேன்.

"சந்தோஷம்தாம்மா," என்றார். "ஆனா எழுந்து நடக்கிற ஆளை நோயாளின்னு அட்டையில எழுத முடியாது. பதினோரு பிள்ளைக்கு இன்னும் மணி பாக்கி இருக்கே."

யோசித்துப் பார்த்தேன். ஒருவர் இரண்டு மாதம் தள்ளி நடந்தால் ஒன்றும் கெட்டுவிடாது. பதினோரு பிள்ளைகளின் சான்றிதழ் அப்படியல்ல. வலிக்கு என்று கொடுத்திருந்த தூக்க மாத்திரைகள் மிச்சம் இருந்தன. மூன்று மணிக் காப்பியில் பாதி மாத்திரை பொடித்துப் போட்டேன். பிறகு ஒன்று. எவ்வளவு பொறுமையாகப் படுத்திருக்கிறார் என்று சிஸ்டரே பாராட்டினார். கலியமூர்த்தியிடம், "நடக்கச் சொன்னா கேக்க மாட்டேங்கறார்," என்றேன். அவர் என் கணவரைத்தான் கோபித்துக்கொண்டு போனார்.

மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை. கொடியிலிருந்து துணி எடுத்துக்கொண்டு உள்ளே வந்தபோது, அவர் சுவரைப் பிடித்தபடி முன்கதவு வரை வந்து நின்றிருந்தார். வியர்த்திருந்தார், சிரித்தார்.

"இன்னைக்குப் பிள்ளைகளுக்கு நான்தான் கதவத் திறப்பேன். யானை நடக்குன்னு பாத்துட்டுப் போவட்டும்."

கையைப் பிடித்துப் படுக்கைக்கு அழைத்து வந்தேன். "காப்பி குடிச்சிட்டுத் தொறங்க," என்றேன். அன்று மூன்று மாத்திரை.

அன்றைக்குச் சந்திரகலாவின் முறை. மைன்ஸ் போர்மேன் ஜெயராமனின் மகள். அதிகம் பேசாத பிள்ளை. கூட வருகிறவளுக்குக் காய்ச்சல் என்று தனியாக வந்திருந்தாள். நாலைந்து ஸ்பூன் போனதும் நிறுத்தினாள்.

"அம்மா, தூங்கறாரு போலிருக்கு. அப்புறமா குடுக்கட்டுமா?"

"கண்ண மூடிக்கிட்டே சாப்பிடுவாரு. குடும்மா. உனக்கு இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

கொடுத்தாள். சொன்னதைச் செய்கிற பிள்ளை.

மூச்சுக்குழாயில் கஞ்சி இறங்கிவிட்டது என்று ஆஸ்பத்திரியில் எழுதினார்கள். வேறெதையும் யாரும் தேடவில்லை. வராந்தாவில் சந்திரகலா என் காலைக் கட்டிக்கொண்டு, "நான்தாம்மா, நான்தாம்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். தலையைத் தடவிக் கொடுத்தேன். "நீ வேணும்னேவா செஞ்சே?" என்றேன். அவள் அட்டையில் அன்றைக்கு ஒரு மணி முழுதாகவே போட்டுக் கொடுத்தேன்.

சாவுக்குப் பள்ளியே வந்தது, சீருடையில், வரிசையாக. என் வீடு அவ்வளவு நிறைந்து நான் பார்த்ததில்லை. தண்ணீர் கொண்டுவந்தவர்களுக்கும் நாற்காலி போட்டவர்களுக்கும் சிஸ்டர் மணிகளைத் தாராளமாகப் போட்டார். யாருடைய அட்டையிலும் பாக்கி இல்லை.

அழவில்லையா என்பீர்கள். அழுதேன். பதினேழு வருஷம் கூட இருந்த மனிதர். இன்றைக்கும் சில நாள் மறதியில் காப்பியை இரண்டு டம்ளரில் ஊற்றிவிடுகிறேன்.

ஆறு வருஷமாகிறது. கம்பெனி கருணை அடிப்படையில் எனக்கு ஆபீஸில் வேலை கொடுத்தது. அதே பிளாக்கில்தான் இருக்கிறேன். பெரிய குவார்ட்டர்ஸ் அம்மாக்கள் கடைத்தெருவில் பார்த்தால் தலையசைப்பார்கள். வீட்டுக்கு வருகிறவள் சந்திரகலா ஒருத்திதான். சிதம்பரத்தில் படிக்கிறாள். ஒவ்வொரு மாசியிலும் அந்த நாளில், சேத்தியாத்தோப்பு வழியாக பஸ்ஸில் வருகிறாள். படத்துக்குப் பூ வைக்கிறாள். என் எதிரே உட்கார்ந்து அழுகிறாள். மன்னித்துவிட்டேன் என்கிறேன். சாயங்காலம் வரை இருந்துவிட்டுப் போகிறாள்.

போன மாதம் மட்டும் அவள் அம்மாவும் வந்திருந்தாள்.

"கல்யாணமே வேணாங்கறா அக்கா. குழந்தை பொறந்தா சோறு ஊட்டணுமே, என் கை அதுக்கு ஆகாதுங்கறா. நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பா."

ஒரு வார்த்தைதான். காப்பியில் மாத்திரை போட்டவள் நான், தூங்குகிறவர் வாயில் ஊட்டச் சொன்னவளும் நான் என்று சொன்னால் போதும். அந்தப் பாரம் அன்றே இறங்கிவிடும். எழுந்து போய்விடுவாள். அடுத்த மாசியில் வரமாட்டாள்.

அதை எல்லாப் பக்கமும் யோசித்துவிட்டேன். அவ்வளவு தூரம் பஸ் ஏறி மன்னிப்புக் கேட்க வருகிற பிள்ளையிடம், மன்னிக்க ஒன்றுமில்லை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.