கலினாவைத் தேடுகிறவர்கள்

— கதவுல கை வச்சே, அவ்வளவுதான்! பாட்டில் கழுவ வெந்நி கொதிக்குது. மூஞ்சிலயே ஊத்திப்புடுவேன், ஆமா, சொல்லிட்டேன்!

— ஊத்து. கதவைத் திறந்துட்டு ஊத்தும்மா. மூடின கதவுல ஊத்தினா யாருக்குச் சுடும்?

— யாரு நீ?

— நெவேனா. கலினாவோட அம்மா.

— ஓகோ! வந்துட்டீங்களா மகராசி! மூணு நாளா ஊரே எங்க தெருவுல நிக்குது, உங்களை மட்டும் காணமேன்னு பாத்தேன். சந்தையில புள்ளையத் தொலைச்சது நீங்க, கல்லடி படுறது நானா?

— தனியாத்தான் வந்திருக்கேன், செவ்தா. அவங்க கண்ணுல படாம கோழிக்கூண்டுமேல ஏறி, பின்சுவரைத் தாண்டிக் குதிச்சேன். பாவாடை கிழிஞ்சதுதான் மிச்சம்.

— கையில என்ன? போன்ல படம் பிடிக்கிறீங்களா?

— போனை வீட்லயே வெச்சுட்டு வந்தேன். கையில முள்ளு குத்தின ரத்தம்தான் இருக்கு.

— ம்ம்... வாங்க உள்ள. சுருக்க வாங்க! அந்தப் பக்கம் மிதிக்காதீங்க, கண்ணாடி. நேத்து எறிஞ்ச கல்லு இது. எம் புள்ள தலை இந்தா இங்க இருந்துச்சு, கல்லு இந்தா இங்க விழுந்துச்சு. ஒரு சாண்.

— இப்ப எங்க அவ?

— எவ?

— உன் பொண்ணு.

— என்ன சொன்னீங்க? இன்னொருக்கா சொல்லுங்க.

— உன் பொண்ணு எஸ்மா எங்கன்னு கேட்டேன்.

— மூணு நாளாச்சு, ஒருத்தர் வாயிலேர்ந்தும் அந்த வார்த்தை வரலை. “அந்தப் புள்ள”ங்கிறான், “திருடின புள்ள”ங்கிறான். கட்டிலுக்கு அடியில இருக்கா. சோறு தண்ணி எல்லாம் அங்கதான்.

— எல்லாம் அந்த ஒரு படத்தாலயா?

— ஆமா! மிளகா வாங்கச் சந்தைக்குக் கூட்டிட்டுப் போனேன். எவனோ படம் எடுத்துப் போட்டுட்டான். “ஜிப்ஸி வீட்ல மஞ்சமுடிக் குழந்தை, இது கலினாதான்”னு. எம் மாமியாளப் பாத்திருக்கணும் நீங்க, சோளக்கதிர் மாதிரி முடி. இவங்க ஜிப்ஸிங்கிற எங்க ரோமா சனத்துல கறுப்பாத்தான் பெறணும்னு எந்தச் சட்டத்துல எழுதியிருக்கு? பிறப்புச் சீட்டைக் காட்டினேன், கள்ளச் சீட்டாம். எம் புருசன் ஜெர்மனியில இறைச்சி ஆலையில நிக்கிறாரு, அவரு புள்ள விக்கிற கூட்டத்துக்குத் தலைவராம். போலீசு வந்து கன்னத்துக்குள்ள பஞ்சை விட்டு எச்சி எடுத்துட்டுப் போச்சு.

— என்கிட்டயும் எடுத்தாங்க. முடிவு வர மூணு வாரம்னாங்க.

— மூணு வாரம்! அதுவரைக்கும் இந்தக் கூரை நிக்குமா? சரி, அதை விடுங்க. நீங்க எதுக்கு வந்தீங்க? நெஞ்சுல கை வச்சுச் சொல்லுங்க.

— பார்க்கத்தான் வந்தேன். பொய் சொல்லலை. அந்தப் படத்தை மூணு நாளாத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். எட்டு வருஷம், செவ்தா. பனித்சா ரொட்டி ஒண்ணு வாங்கக் காசுக்குப் பையில கையை விட்டேன். திரும்பினா அவ இல்லை. மூணு வயசு. எண்ணெய் சொட்டற அந்தப் பனித்சாவைக் கையில வெச்சுக்கிட்டே ஆத்தங்கரை வரைக்கும் ஓடினேன். ஒருவேளை, ஒருவேளைன்னுதான் இன்னிக்கும் வந்தேன்.

— பாத்துக்கங்க. எனக்கு மறைக்க என்ன இருக்கு? எஸ்மா! வெளிய வாடி கண்ணு. இந்த அத்தை கடிக்க மாட்டாங்க.

— வாம்மா. பயப்படாதே. ஒரு தடவை சிரி, பார்ப்போம்.

— சிரிக்கிற நேரமா இது?

— முன்பல் ரெண்டும் காணோமே! எப்ப விழுந்துச்சு?

— ஒண்ணு போன வாரம், ஒண்ணு அதுக்கு முந்தி. ஏழு வயசாச்சில்ல?

— கலினாவுக்குப் பதினொண்ணு. பதினொரு வயசுக்காரிக்கு முன்பல் இப்பவா விழும்? இவ இல்லை.

— அழுவுறீங்களா?

— இல்லை. நீ மிளகா சுட்டிருக்கே, அந்த நெடி.

— அடுப்பு அணைஞ்சு மூணு நாளாச்சுக்கா, வெந்நின்னு கத்தினதும் சும்மா மிரட்டத்தான். உக்காருங்க. அழுறதுன்னா அழுங்க, இங்க யாரும் படம் பிடிக்க மாட்டோம்.

— செவ்தா! மரியாதையா கதவைத் திற! பத்து நிமிஷம் தர்றோம்! நான் சொல்லலை, மக்கள் சொல்றாங்க!

— கேட்டீங்களா? இந்தக் குரலுதான். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் போனைத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வாசல்ல கத்துறான்.

— போகோமில். டயர் கடைக்காரன். எட்டு வருஷமா அவன் தொழிலே என் பொண்ணுதான். முதல்ல நான் அவளை வித்துட்டேன்னான். அப்புறம் என் புருஷன் குடிச்சுட்டு அடிச்சுக் கொன்னுட்டான்னான். ஆலையில என் பக்கத்துத் தையல் மெஷின்ல யாரும் உட்கார மாட்டேன்னுட்டாங்க. புருஷன் ஊரை விட்டே போயிட்டார். அப்புறம் குறிசொல்ற ஒருத்தி கனவு கண்டாளாம், குழந்தை எங்க தக்காளிப் பாத்தியில இருக்குன்னு. மூணு தடவை வந்து தோண்டினாங்க.

— அடப்பாவிகளா! என்ன கெடச்சுது?

— அந்த வருஷம் தக்காளி நல்லாக் காய்ச்சுது.

— அய்யோ அக்கா, சிரிக்க வைக்கிறீங்களே இந்த நேரத்துல!

— அந்த ஜன்னலைத் திற.

— வேணாங்க்கா. கல்லு வரும்.

— வரட்டும். எனக்குப் புதுசா? போகோமில்! இங்க பாரு!

— நெவேனாம்மா! நீங்க உள்ளயா? மக்களே, பாருங்க! தாயும் மகளும் ஒண்ணு சேர்ந்துட்டாங்க! இது சரித்திரம், மக்களே!

— போன மாசம் வரைக்கும் கொலைகாரி, இன்னிக்குத் தாயா? காதைத் திறந்து கேளு. இது என் பொண்ணு இல்லை.

— அவசரப்படாதீங்கம்மா. உள்ள யாராச்சும் மிரட்டுறாங்களா? மிரட்டினா தலையைச் சொறிங்க, நாங்க புரிஞ்சுக்கறோம்.

— தலை அரிச்சா சொறிஞ்சுக்கறேன், உன்னைக் கேட்டு இல்லை. இவளுக்கு முன்பல்லே இப்பத்தான் விழுந்திருக்கு. ஏழு வயசுக் குழந்தை.

— பிடுங்கியிருப்பாங்க! வயசைக் குறைச்சுக் காட்டறதுக்கு! நான் சொல்லலை, மக்கள் எழுதறாங்க, இதோ வந்துக்கிட்டே இருக்கு!

— இப்ப எத்தனை பேர் பார்க்கறாங்க?

— நாப்பதாயிரம்! ஏறிக்கிட்டே இருக்கும்மா!

— அப்ப நாப்பதாயிரம் பேரும் கேட்டுக்கட்டும். எட்டு வருஷமா வாயைத் திறக்காத ஒண்ணைச் சொல்றேன். கலினாவுக்கு இடது கையில தழும்பு. முழங்கையிலேர்ந்து மணிக்கட்டு வரைக்கும், அடுப்புல சுட்டது.

— தழும்பா? இதை ஏன் இத்தனை நாள் சொல்லலை?

— பொய்யா ஒருத்தி வந்து நின்னா எப்படிக் கண்டுபிடிக்கிறது? அதுக்குத்தான். செவ்தா, எஸ்மாவைக் கூட்டிட்டு வா. முகத்தைக் காட்ட வேண்டாம். கையை மட்டும் ஜன்னல் வழியா நீட்டட்டும்.

— முடியாது! இந்தக் கூட்டத்துக்கு முன்னாடி எம் புள்ளை கைய நீட்டவா? வெட்டிப் போடுவேன்!

— நான் பிடிச்சுக்கறேன். கல்லு வந்தா என் கையில படட்டும்.

— ...நீட்டுடி கண்ணு. அத்தை கெட்டியாப் பிடிச்சிருக்காங்க.

— பாருங்கடா எல்லாரும்! இது இடது கை. முழங்கை வரைக்கும் பாருங்க. எங்க தழும்பு?

— நெவேனாம்மா, தழும்பு நாளாக ஆக மறைஞ்சிடும்னு இங்க ஒருத்தர்...

— அந்தக் கைக்கு மருந்து போட்டவ நான். அவரா போட்டார்? மறையாது. பெத்தவ சொல்றேன். இதுக்கு மேலயும் இந்த வீட்டுல ஒரு கல்லு விழுந்தா, எறிஞ்சவன் என் பொண்ணைத் தேடறவன் இல்லை. கல்லெறிய ஒரு வீடு தேடறவன்.

— சரி... சரிம்மா, கோவிக்காதீங்க. மக்களே! புதுத் துப்பு! எட்டு வருஷ ரகசியம், முதல்முதலா நம்மகிட்ட! இனிமே இடது கையில சூட்டுத் தழும்பு இருக்கற பொண்ணைத் தேடுங்க. தழும்பு இல்லாத எவளும் கலினா இல்லை. எல்லாருக்கும் அனுப்புங்க! கிளம்புங்க, கிளம்புங்க, இங்க ஒண்ணுமில்லை.

— போறாங்கக்கா! நெசமாவே போறாங்க! அந்தச் செங்கல்லு வச்சிருந்தானே, அவன்கூடக் கீழ போட்டுட்டுப் போறான்.

— கையை உள்ள எடுத்துக்கடா எஸ்மா. வலிச்சுதா? கெட்டியாப் பிடிச்சுட்டேன்.

— பாவம் உங்க புள்ள. மூணு வயசுக்குள்ள அம்மாம் பெரிய சூடு எப்படிக்கா பட்டுச்சு?

— படலை.

— என்னது?

— கலினா உடம்புல ஒரு கீறல்கூடக் கிடையாது, செவ்தா.

— அடக் கடவுளே! அக்கா, அப்ப நாளைக்கு அவளே எங்கயாச்சும் வந்து நின்னாலும், கையப் பாத்துட்டு இவ இல்லைன்னு விரட்டிருவாங்களே! தெரியாமச் சொல்லிட்டீங்களா?

— தெரிஞ்சுதான் சொன்னேன். இன்னியோட ஊர் தேடினது போதும். இனி அவளைத் தேட நான் ஒருத்திதான்.