வந்தாச்சும் வரலையும்

அடடா, சனிக்கிழமையே வந்தீங்களா? சாவி இறுக்கமா இருக்குன்னு சொல்லவா? ஷட்டர் மூடியிருந்திருக்குமே. தப்புதான்ம்மா, மன்னிச்சுக்கோங்க. டார்ச்சைக் கொஞ்சம் கீழ பிடிங்க. ம், அங்கதான். சரியா பூட்டுக்குள்ள போய் ஒடிஞ்சு உக்காந்திருக்கு பாருங்க. நான் போட்டுக் குடுத்த சாவி, நானே எடுக்கறேன். அஞ்சு மணிக்கு நான் ஆஸ்பத்திரியில இருக்கணும், அதுக்குள்ள தொறந்துடலாம்.

ஆமாம்மா, நீங்க சொல்றது வாஸ்தவம். எங்க கடை மூடினதே கிடையாது. ஞாயித்துக்கிழமை நான் சர்ச்சுக்குப் போயிடுவேன், கூட்டாளி கடையில இருப்பான். அவங்க யூதக் குடும்பம். வெள்ளிக்கிழமை பொழுது சாயறப்ப அரத்தைக் கீழ வெச்சான்னா, சனிக்கிழமை பொழுது சாயற வரைக்கும் ஒரு ஸ்க்ரூவைக்கூடத் தொடமாட்டான். அன்னிக்கு நான் இருப்பேன். மிச்ச அஞ்சு நாளும் ரெண்டு பேரும் இருப்போம். அந்த அஞ்சு நாளும் சண்டைதான்.

என்ன சண்டையா? தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்களே. எனக்கு அங்க பேரே ‘வந்தாச்சு’, அவன் பேரு ‘வரல’. கடவுள் அனுப்பறேன்னு சொன்ன மேசியா வந்தாச்சு, ஏசுதான் அவருன்னு சொல்லுவேன் நான். வரலைம்பான் அவன். முப்பது வருஷம். சாவி போட வந்தவங்க வேலை முடிஞ்சும் போகாம நின்னு கேப்பாங்கன்னா பாத்துக்கோங்க.

ரெண்டு பேருக்கும் ஒரே தீர்க்கதரிசிங்கதான்ம்மா, அதுதான் வேடிக்கை. எந்த ஊர்ல பொறப்பாரு, எந்த வம்சம், எல்லாம் அன்னிக்கே சொல்லி வெச்சிருக்கு, அத்தனையும் எங்க ஆளுக்குப் பொருந்துதேடான்னு நான் வரிசையா அடுக்குவேன். அவன் பாட்டுக்கு அரத்தைத் தேச்சுக்கிட்டே இருப்பான். எல்லாம் முடிஞ்சதும் நிதானமா கேப்பான். சாவி உள்ள போறது பெருசில்லடா, பூட்டு திரும்பணும். திரும்பிச்சா? அவர் வந்தா வாளெல்லாம் கலப்பை ஆயிடும், ஓநாய் ஆட்டுக்குட்டி பக்கத்துல படுக்கும்னு இருக்கே, ஆச்சா? அவர் வந்த அன்னிக்கு யாரும் எனக்கு வந்து சொல்ல வேண்டியதில்ல, பேப்பரைப் பாத்தாலே தெரியும்பான். ஹா, பேப்பரைத் தூக்கி எம்மேலயே போடுவான்.

நான் விடுவேனா? பூட்டு திரும்பியாச்சுடா, கதவைத் தள்ளுற வேலைதான் மிச்சம், அதுக்கு இன்னொரு தடவை வருவாருன்னு சொல்லுவேன். செஞ்சு முடிக்காத வேலைக்கு ரெண்டாந்தடவை வரேங்கறது நம்மள மாதிரி கடைக்காரன் பேச்சுடாம்பான். டீ குடிச்சுக்கிட்டிருக்கற எனக்குப் புரையேறிடும்.

என்னது, ரெண்டு பேரும் காத்துக்கிட்டுதானே இருக்கீங்கன்னா? நல்லா கேட்டீங்க. ஆனா அப்படி லேசா முடிச்சுடாதீங்கம்மா, அவனுக்கும் பிடிக்காது, எனக்கும் பிடிக்காது. அடிபட்டு, அவமானப்பட்டு நின்ன கடவுளோட ஊழியக்காரன் ஒருத்தனைப் பத்தி வேதத்துல ஒரு இடம் வரும். அதைப் படிக்கறப்பல்லாம் எனக்குக் கண்ணு கலங்கிடும், எங்க ஆளேதான்னு. ஒரு நாள் அவன் மெதுவா சொன்னான், அது ஒரு ஆள் இல்லடா, எங்க ஜனம். நாங்க பட்ட அடி போதாதா உனக்கு, அதையும் எடுத்துக்கணுமான்னு. அன்னிக்கு மட்டும் நான் சண்டையை விட்டுட்டுப் போய் டீ வாங்கிட்டு வந்தேன்.

கொஞ்சம் வெளிச்சம்... ஆங். வருது, வருது. பிடிச்சுட்டேன். ஆடாதீங்க.

அவன்தான்ம்மா ஆஸ்பத்திரியில. தலையில ரத்தக்குழாய் அடைச்சு நாலு மாசமாச்சு. உயிருக்கு ஒண்ணுமில்ல, கையும் கொஞ்சம் அசையுது. பேச்சுதான் போயிடுச்சு. ஒரு வார்த்தை இல்ல. டாக்டர் எங்கிட்டயும் அவன் வீட்டம்மாகிட்டயும் சொல்லிட்டாரு, ரொம்ப எதிர்பாக்காதீங்கன்னு. சனிக்கிழமை அந்தம்மா ஜெபத்துக்குப் போறாங்க, அதனால நான் கூட இருக்கேன். அதான் கடை மூடியிருந்துச்சு.

சும்மா உக்காரலம்மா, சண்டை போட்டேன். எதிர்ல ஆளு வாயே தொறக்கல, ஜெயிச்சுக்கிட்டே போனேன். ரெண்டு நாள்லயே வெறுத்துப்போச்சு. அப்புறம் அவன் பக்கத்தையும் நானே பேச ஆரம்பிச்சேன். ஒழுங்கா பேசணும்ல? வீட்டம்மாகிட்ட கேட்டுக் கேட்டுப் படிச்சேன். கடைசியில பாத்தா எங்கிட்டயே நான் தோக்கறேன். அவன் மோட்டுவளையைப் பாத்துக்கிட்டுக் கிடக்கான்.

நேத்து சர்ச் விட்டு நேரா போனேன். போனவன் வேணும்னே ஒரு பெரிய பொய்யை எடுத்து விட்டேன். அவன் கட்டிலைச் சுத்தி நர்ஸுங்க இருந்தாங்க, அவங்ககிட்ட சொன்னேன், எங்கூட்டாளி ஒத்துக்கிட்டாரு, ஓநாயும் ஆட்டுக்குட்டியும் ஒண்ணா படுத்தாச்சு, உலகத்துல சண்டையே இல்ல, மேசியா வந்து எல்லாத்தையும் முடிச்சாச்சுன்னு முப்பது வருஷமா எங்கிட்ட ரகசியமா சொல்லிக்கிட்டிருக்காருன்னு.

அவன் காது செவந்துச்சும்மா மொதல்ல. அப்புறம் கை வந்து என் மணிக்கட்டைப் பிடிச்சுச்சு. உதடு கோணிக்கிட்டுத் துடிக்குது. இன்... னும்... வரல. அவ்வளவுதான். நர்ஸு ஓடினா டாக்டரைக் கூப்பிட. நான் அந்தத் தரையிலயே முட்டி போட்டு அழுதேன். முப்பது வருஷமா அந்த வார்த்தையை அவன் வாயிலேருந்து ஒழிச்சுக்கட்டணும்னு நின்னவன் நான்.

இந்தாங்க, ஒடிஞ்ச துண்டு. கதவு தொறந்தாச்சு, போங்க உள்ள. ஐயோ, காசெல்லாம் வேண்டாம்மா, என் சாவிதானே.

சிரிக்கறீங்களா? சிரிங்க, நானும் ராத்திரி முழுக்க சிரிச்சேன். நாலு மாசமா நான் யாருகிட்ட முட்டி தேய வேண்டிக்கிட்டேன்னு நினைக்கறீங்க? எங்க ஆளுகிட்டதான். ஏசுவே, இவன் வாயைத் தொறந்து விடுங்கன்னு. தொறந்து விட்டாரும்மா. தொறந்ததும் இவன் சொல்றான், அவர் இன்னும் வரலையாம்.

மணி என்ன, நாலேகாலா? கெளம்பறேன். இதுக்கு ஒரு பதில் சொல்லாம விட முடியுமா?