சத்தமே வராத கதவு

இல்ல இல்ல, அந்த நாற்காலி வேணாம், அது பல் டாக்டரோடது. உங்க இடத்துலயே உக்காருங்க சூப்பர்வைசர் சார். மத்தவங்க நாலு மணிக்குத்தான் வருவாங்க. நீங்க முன்னாலயே வந்தது நல்லதாப் போச்சு.

நான் கதை சொல்ல, நீங்க நாலு பேரும் ஆளுக்கொரு பாத்திரமாப் பகடை உருட்டி ஆடற இந்த ஆட்டத்த விட்டுப் போறீங்களா? எதுக்கு? பயமா? எட்டு வாரமா நான் ஒரு பேயக்கூட உங்க முன்னால நிறுத்தலயே. முதல் நாள் ஒரு பிணந்தின்னி வந்துச்சு, அதோட சரி. இருபது முகப் பகடையில இருபதே விழுந்துச்சு, உங்க வாள்வீரன் ஒரே வெட்டுல தலைய எடுத்தான். தபால்காரர் எழுந்து நின்னு விசிலடிச்சாரே, மறந்துட்டீங்களா?

அன்னிக்கே புரிஞ்சுகிட்டேன். பல்லும் நகமும் இருக்கிற எதுவும் உங்கள அசைக்காது. அதுக்கு எவ்வளவு உயிர் பாக்கின்னு கணக்குப் போட்டு வெட்டிச் சாய்ச்சிடுவீங்க. கதை நடத்துறவங்க செய்யற பெரிய தப்பே அதுதான். பூதத்தக் கொண்டாந்து வெளிச்சத்துல நிறுத்தி, உசரம் எவ்வளவு, கண்ணு எத்தனைன்னு ஒப்பிக்கிறது. பாத்துட்டா பயம் போயிடும் சார். அதனாலதான் கதவு.

ஆமா, வாரா வாரம் மூடின கதவு ஒண்ணு. கோட்டையில, கப்பலுக்கு அடியில, போன வாரம் நடுக்காட்டுல சுவரே இல்லாம வெறும் கதவு. டாக்டர் அதக் கேட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. நீங்க சிரிக்கல. அதுக்குப் பின்னால எதுவும் உறுமல, எதுவும் அழல. தாண்டிப் போயிருக்கலாம். மத்தவங்க புதையலப் பாத்து ஓடினப்ப நீங்க மட்டும் போய்த் திறந்தீங்க. எட்டு வாரமும். எட்டும் காலி. யாரு திறக்கச் சொன்னா உங்கள?

தண்ணி குடிங்க.

ஆட்டம் தொடங்கறதுக்கு முன்னால சீட்டு எழுதினோமே. கதையில எது வரவே கூடாதுன்னு ஆளுக்கொரு சீட்டு, பேர் போடாம. யார் மனசும் நோகக் கூடாதுன்னு வெச்சிருக்கிற வழக்கம். ஒருத்தர் பாம்புன்னு எழுதினாரு. ஒருத்தர் குழந்தைங்க சாகறதுன்னு. ஒரு சீட்டுல, உள்ளேருந்து கதவத் தட்டற சத்தம்.

பேர் இல்லதான். எழுத்து இருக்கே. அந்த எழுத்தப் பதினோரு வருஷமா படிச்சிட்டிருக்கேன். மீன் கம்பெனி விசாரணையில நீங்க எழுதிக் குடுத்த வாக்குமூலத்தோட நகல் என் அலமாரியில இருக்கு. மெஷின் ஓடிட்டிருந்துச்சு, ஐஸ் ரூமுக்குள்ளேருந்து எந்தச் சத்தமும் எனக்குக் கேக்கலன்னு எழுதியிருந்தீங்க. அந்தச் சீட்டப் பாக்கற வரைக்கும் நானும் நம்பினேன். காதுல விழாத மனுஷன எப்படித் திட்டறது? நீங்க யாருன்னு தெரிஞ்சுதான் இந்த மேசையில இடமே குடுத்தேன்.

உள்ள மாட்டிக்கிட்டு விறைச்சுச் செத்தவ என் தங்கச்சி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்க நியாயமில்ல.

உக்காருங்க. போலீஸெல்லாம் இல்ல. சீட்டையும் அன்னிக்கே எரிச்சிட்டேன். மேசையில எழுதினது மேசையோட. அத வெளிய காட்டறவ நான் இல்ல. எட்டு வாரத்துல ஒரு தட்டுச் சத்தமாவது வந்துச்சா? இன்னிக்கும் வராது.

இன்னிக்குக் கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கறது உங்க வாள்வீரன். தாழ்ப்பாள் வெளியில. மத்த மூணு பேரும் அவனத் தேடிட்டு அந்த வழியாத்தான் வருவாங்க. கத்தினா கேக்காது, அவ்வளவு தடிமன் கதவு. தட்டினாக் கேக்கும். ஆனா அது கூடாதுன்னு ஒருத்தர் எழுதிக் குடுத்திருக்காரே, நான் என்ன பண்ண?

அந்தச் சீட்டு என்னுதுதான், திரும்ப வாங்கிக்கிறேன்னு எல்லார் முன்னாலயும் சொல்லுங்க. தட்டலாம். ஏன் அப்படி எழுதினீங்கன்னு கேப்பாங்க. டாக்டர் லேசுல விடமாட்டாரு. அப்ப பதில் சொல்லுங்க, எனக்கு அது போதும். போறதுன்னாலும் தாராளமாப் போங்க. ஏன் போனாருன்னு என்னக் கேப்பாங்க, எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்ல.

படியில ஆள் வர்ற சத்தம். உங்களுக்கும் கேக்குதில்ல? காது நல்லாத்தான் இருக்கு.