இரண்டாவது கோடு

எனக்கு எதிலும் அவசரம் கிடையாது ஐயா. சோதனைப் பட்டையில் மூன்று சொட்டு ரத்தம் விட்டால் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும், நான் காத்திருப்பேன். எங்கள் ஆய்வகத்தில் பக்கத்து மேஜைக்காரி பத்து நிமிடத்திலேயே முடிவை எழுதிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவாள். விசாரணைக்கு வந்த நீங்கள் முதலில் அவளைத்தான் சந்தேகப்பட்டீர்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்குச் சிரிப்பு வந்தது.

ஈரல் புற்றுநோய்க்காரர்களின் ரத்தமெல்லாம் என் மேஜைக்குத்தான் வரும். ஹெபடைடிஸ் பி கிருமி உள்ளே இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு கோடு விழுந்தால் இல்லை, இரண்டு விழுந்தால் இருக்கிறது. இருந்தால் மருத்துவர் முதலில் கிருமியை அடக்க மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் புற்றுநோய் மருந்தை ஏற்றுவார். வீட்டிலுள்ளவர்களையும் வரவழைத்துப் பார்ப்பார்.

அதே புற்றுநோய் வந்த என் அப்பாவுக்கும் இரண்டு கோடு விழுந்தது. அதை வீட்டில் சொன்னவள் நான். அன்றிலிருந்து அவருக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். இது சாப்பாட்டில் ஒட்டாது என்று எனக்கு நன்றாகவே தெரியும். இருந்தாலும் மாறிப்போகக் கூடாதே என்று டம்ளரின் அடியில் என் நகப்பூச்சால் ஒரு பொட்டு வைத்தேன். அவர் அதை விரலால் தடவிப் பார்த்தார். பின்னறையில் ஐந்து மாதம் பேச்சுத்துணைகூட இல்லாமல் கிடந்து போய்ச் சேர்ந்தார்.

அதன்பிறகு நான் யாருக்கும் இரண்டு கோடு என்று எழுதவில்லை. சாகப்போகிற மனுஷருக்கு அந்தத் தலைகுனிவு வேறு எதற்கு?

ஒரு பேருந்து ஓட்டுநர் வந்தார், அவர் பட்டையிலும் இரண்டு கோடு. கூட வந்த தம்பி ஜன்னலில் எட்டிப் பார்த்து, "எங்களுக்கும் பாக்கணுமா அக்கா?" என்று கேட்டான்.

"உங்க அண்ணனுக்கே இல்ல, உங்களுக்கு எதுக்கு? போய் வேலையப் பாருங்க," என்றேன்.

அவன் முகம் தெளிந்தது. எனக்கும் மனசு நிறைந்தது. மருந்து ஏற ஆரம்பித்த ஆறாவது வாரம் ஓட்டுநர் உடம்பெல்லாம் மஞ்சளாகி இறந்துபோனார். மாத்திரை இல்லாததால் கிருமி பொங்கியிருக்கும். புற்றுநோய்தான் கொண்டுபோய்விட்டது என்றார்கள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

ஏழு வருடம் கழித்து அதே ஜன்னலில் அந்தத் தம்பி வந்து நின்றான், வயிறு உப்பி, கை கால் குச்சியாகி. இப்போது அவனுக்கும் அதே நோய். "அன்னிக்கு நீங்க சொன்ன ஒரு வார்த்தையிலதான் அக்கா இத்தன வருஷம் நிம்மதியா இருந்தேன்," என்றான்.

இருவருக்கும் பிறக்கும்போதே தாயிடமிருந்து வந்திருக்கும். அன்றே பார்த்திருந்தால் இவன் மாத்திரையோடு பிழைத்துக் கிடந்திருப்பான். அவன் பட்டையில் ஐந்தாவது நிமிடமே இரண்டாவது கோடு அழுத்தமாக விழுந்துவிட்டது. நான் மீதி பத்து நிமிடமும் காத்திருந்தேன். பிறகு 'இல்லை' என்று எழுதினேன்.

குளிர்பெட்டியில் மிச்சமிருந்த ரத்த மாதிரிக் குழாய்களையெல்லாம் மறுபடி பார்த்துவிட்டு, நான் மாற்றி எழுதியது நூற்றுப் பதினொரு பேருக்கு என்கிறீர்கள். இருக்கலாம். அந்த வீடுகளில் எவர் டம்ளரிலும் பொட்டு விழவில்லை, அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று கேட்டீர்கள், அப்பாவின் முடிவு வந்த மறுநாளே என் பிள்ளைகள் இருவருக்கும் தடுப்பூசி போட்டது யார் என்று. நான்தான். மூன்று தவணையும் தேதி தவறாமல் போட்டேன். பெற்றவள் இல்லையா ஐயா, தெரிந்த பிறகு சும்மா இருக்க முடியுமா?