லாமி துறையில் ஒரு வாளி கடல்நீர்

என் பெயர் அப்பு, தகப்பனார் பெயர் வெங்கடசாமி, வயது 49, குடியிருப்பு சமபுலா. லாமி துறையில் கொப்பரைத் தேங்காய் ஏற்றும் படகுகளில் எலியும் வண்டும் சாகக் கந்தகம் கொளுத்திப் புகை போடும் வேலைக்கு நான் மேஸ்திரி. இறந்துபோன சுரேந்திரா என்னிடம் வேலை பார்த்தவன். போன வருடம் எனக்குத் தெரியாமல் என் மகள் சுமித்ராவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டு, மறுநாளே வேலைக்கு வந்து எல்லார் முன்னாலும் என்னை "மாமா" என்று கூப்பிட்டான். ஆட்கள் சிரித்தார்கள். அன்றிலிருந்து அவனைக் கண்டால் எனக்கு ஆகாது.

புகை போட்டபின் ஒருவன் சரக்கறைக்குள் இறங்கி, புகை வெளியேற எதிர்ப்பக்க மூடியைத் திறந்துவிட வேண்டும். கடல்நீரில் நனைத்த சாக்கை மூக்கும் வாயும் மறையக் கட்டிக்கொண்டுதான் இறங்குவோம். கந்தகப் புகை கடல்நீரில் கரைந்துவிடும், நெஞ்சுக்குள் அதிகம் போகாது. ஆனால் சாக்கைத் திரும்பத் திரும்ப அதே வாளியில் அலசினால் தண்ணீர் புளித்துவிடும். புளித்த தண்ணீர் புகையை வாங்காது. ஆகையால் மேலே நிற்பவன் நாக்கில் வைத்துப் பார்த்து, புளித்தால் கொட்டிவிட்டுப் புதிதாக மொள்ள வேண்டும்.

சென்ற 12ஆம் தேதி திங்கட்கிழமை, இரண்டு அறைகள் முடிந்ததும் வாளித் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்தேன். புளித்திருந்தது. கடல் இரண்டு முழம் கீழேதான், நான் மொள்ளவில்லை. மூன்றாவது அறைக்கு இறங்கும்போது சுரேந்திரா, "மாமா, தண்ணி மாத்திட்டீங்களா?" என்று கேட்டான். "மாத்தியாச்சு, எறங்கு" என்றேன். அதன்பின் மூடி ஊறிப்போய்த் திறக்கவில்லை என்று ஏணியடிக்கு வந்து, இருமிக்கொண்டே வேறு சாக்குக் கேட்டான். அதே வாளியில் முக்கிக் கொடுத்து, திறக்காமல் மேலே வராதே என்றேன். நம்பி வாங்கிக் கட்டிக்கொண்டு போனான். அதன்பின் உள்ளே பலகையைத் தட்டும் சத்தம் கேட்டது. நான் சுருட்டுப் பற்றவைத்தேன். பாதிச் சுருட்டில் சத்தம் நின்றுவிட்டது.

அதன்பின் ஆட்கள் பலகையை உடைத்து அவனை வெளியே எடுத்தார்கள். சாக்கு வாயிலேயே கட்டியிருந்தது. எல்லாரும் விபத்து என்றார்கள், நானும் அப்படியே சொன்னேன். மத்தியானச் சோறு கொண்டுவந்த சுமித்ரா, புருஷன் முகத்தைப் பார்த்தாள், அழவில்லை. என் வீட்டில் வளர்ந்தவள் அல்லவா, நேராக வந்து வாளியில் விரலை விட்டு நாக்கில் வைத்தாள். அதன்பின் வாளியைப் பலகையால் மூடி அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள். "எந்திரிம்மா" என்றேன். போலீஸ் வரும்வரை எழுந்திருக்கவில்லை. ஒரு தள்ளு தள்ளியிருந்தால் தண்ணீர் கடலோடு போயிருக்கும். ஆறு மாதக் கர்ப்பிணி என்பதால் தள்ளவில்லை.

வருத்தம் உண்டா என்று கேட்டார்கள். தள்ளாமல் விட்டதற்கு உண்டு.

இதெல்லாம் நானாகச் சொன்னது, யாரும் அடிக்கவோ மிரட்டவோ இல்லை. வாசித்துக் காட்டக் கேட்டேன், சொன்னபடியே இருக்கிறது.

(ஒப்பம்) வெ. அப்பு