கேட்டில் நின்ற ஆம்புலன்ஸ்

எனக்கு கார் ஓட்டத் தெரியாது, சார். பெங்களூரில், அதுவும் வைட்ஃபீல்டில் இருப்பவனுக்கு அது தேவையும் இல்லை. இங்கே யார் ஓட்டுகிறார்கள்? வரிசையில் நிற்கிறார்கள். நான் ஓட்டியதெல்லாம் கேமில்தான்.

ஆம்பூரில் பள்ளிக்கூட நாட்களில் நானும் அஷ்வினும் கேம் சென்டரில் விளையாடிய பழைய கார் ரேஸ் அது. இப்போது இருவரும் ஒரே ஃபிளாட்டில் இருக்கிறோம். போன மாதம் அதே கேமைக் கையடக்கக் கருவி ஒன்றில் ஏற்றிக்கொண்டு வந்தான். பெருந்தன்மையாக எனக்கும் கொடுப்பான். கேமின் சாதனைப் பட்டியலில் முதல் ஐந்து இடமும் அவன் பெயர், ஆறாவது நான். வீட்டுக்கு வருகிற எல்லோரிடமும் அதைக் காட்டுவான். எனக்குப் பொறாமை கிடையாது. எரிச்சல் மட்டும்தான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உள்ளறையிலிருந்து, "ஹரி, நெஞ்சு ஒரு மாதிரி பிசையுதுடா" என்றான்.

"இருடா, ரேஸ்ல இருக்கேன்."

அவனுக்கு எதிலும் அவசரம். தானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டுக்கொண்டான். அந்த ரேஸில் நான் தோற்றேன். அடுத்ததைத் தொடங்கினேன்.

பன்னிரண்டே நிமிடத்தில் வண்டி வந்துவிட்டது. இந்த ட்ராஃபிக்கில் அது பெரிய சாதனை. அந்த டிரைவரைப் பாராட்ட வேண்டும். ஆனால் எங்கள் அபார்ட்மென்ட்டில் எமனே வந்தாலும் ஃபிளாட்காரர் ஆப்பில் அனுமதி தர வேண்டும். வாடகை ஒப்பந்தம் என் பெயரில், அதனால் கேள்வி என் போனுக்குத்தான் வரும். நான் பதில் தராததால் செக்யூரிட்டி கோவிந்தப்பா போன் செய்தார்.

"சார், உங்க ஃபிளாட்டுக்கு ஆம்புலன்ஸ் வந்திருக்கு. ஆப்ல ஓகே கொடுங்க சார், பேக, பேக." அவசரம் வந்தால் அவருக்குக் கன்னடம்தான் வரும்; சீக்கிரம் என்று அர்த்தம்.

"பார்க்கிறேன்" என்றேன்.

போன மாதம் அனுமதியில்லாமல் கேக் டெலிவரியை உள்ளே விட்டதற்காக அபார்ட்மென்ட் சங்கத்தில் அவரை அரை மணி நேரம் நிற்க வைத்துத் திட்டினார்கள். அதனால் ஆப் சொன்னபடி வண்டியைத் திருப்பி அனுப்பிவிட்டார். விதியை மதிக்கிற மனிதர். அவர்மேல் வழக்குப் போடாதீர்கள்.

கருவியில் ஆட்டத்தை நிறுத்தி வைக்கும் பொத்தான் இல்லையா என்று கேட்டீர்கள். இருக்கிறது. அதை அழுத்திவிட்டுத்தான் போனை எடுத்து, 'அனுமதி இல்லை' என்பதைத் தொட்டேன். பிறகு மிச்ச ரேஸை ஓட்டிப் பட்டியலில் முதலிடம் பிடித்தேன்.

பட்டியலைக் காட்ட அவன் அறைக்குப் போனேன். எவ்வளவு கூப்பிட்டும் கண்ணைத் திறந்து பார்க்கவில்லை. தோல்வியை ஒத்துக்கொள்கிற பழக்கம் அவனுக்கு எப்போதுமே கிடையாது, சார்.